செக்ரோல் எழுதியவனின் தாங்கிக் கணக்கு: 1944–45 சோவியத் படைப்பிரிவுகளின் பலத்தை வாசிக்கும் விதம்

போன டிசம்பர் லீவில் ஒரு மழைநாள். பேரன் வெறும் பால்மாப் பெட்டிகளைக் கிழித்து விரித்து, கத்தரிக்கோலோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தரையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, மட்டைத் துண்டுகளை நகர்த்திப் பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கம். இந்த முறை 1945 ஜனவரி, விஸ்துலா ஆற்றங்கரை. “தாத்தா, ஒரு சோவியத் தாங்கி பிரிகேடுக்கு எத்தனை துண்டு வெட்டணும்?” என்று கேட்டான். தாங்கி என்றால் யுத்த டாங்க்; பிரிகேட் என்பது பல பட்டாலியன் சேர்ந்த படைப்பிரிவு.

“65 வெட்டு” என்றேன். “ஆனா 65ஐயும் வரைபடத்துல வச்சிடாத.”

ஏன் என்று கேட்டான். அதை விளக்கி முடிக்க மூன்று சாயந்திரம் பிடித்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி இரண்டு வருடத்துச் சோவியத் தாங்கிப் படைகளைப் பற்றி வாசிக்கிற யாருக்கும், மாதிரி வண்டி செய்கிறவர்களுக்கும், எங்களைப் போல மட்டை நகர்த்துகிறவர்களுக்கும் இது உதவும்.

நான் இலங்கையின் டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 31 வருடம் செக்ரோல், அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவு, எழுதியவன். சின்ன வயதில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஹட்டன் டவுனில் மலிவாகக் கிடைக்கும். அதில் பிடித்த ஆசை இது. ஆனால் கணக்கை வாசிக்கக் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை, பெரட்டுக் களத்தில்தான், அதாவது காலையில் வேலையாட்கள் வந்து வரிசையில் நிற்கிற இடத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மலைக்கு அன்றைக்கு எத்தனை ஆள் என்று துரை கேட்டார். செக்ரோலைப் பார்த்து 64 என்றேன். அந்த 64ஐ நம்பி அவர் மற்ற ஆட்களைக் கவ்வாத்துக்கு (தேயிலைச் செடி வெட்ட) அனுப்பிவிட்டார். உண்மையில் மலைக்கு இறங்கியது 41 பேர். பேறுகால லீவு, காய்ச்சல், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு என்று மிச்சப் பேர் இல்லை. பாதி மலை எடுபடாமல் கொழுந்து முற்றிப்போனது. பெரிய கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பேரை எண்ணாதே தம்பி, பெரட்டுல நிக்கிற காலை எண்ணு” என்றார். சோவியத் அறிக்கைகளை வாசிக்கும்போது இன்றைக்கும் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் தேதியைப் பிடியுங்கள். தேதி தெரியாமல் “தாங்கி பிரிகேட்” என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. 1942 ஜூலையில் போட்ட ஒதுக்கீட்டின்படி ஒரு பிரிகேடுக்கு 53 தாங்கி: 32 டி-34, 21 டி-70. டி-34 நடுத்தரத் தாங்கி, டி-70 என்பது இரண்டே ஆள் ஏறும் சிறிய தாங்கி. 1943 நவம்பரில் ஒதுக்கீடு மாறியது. சிறிய தாங்கி எடுபட்டு, முழுக்க டி-34 ஆக 65, ஆட்கள் 1,354. ஆனால் எல்லாப் பிரிகேடும் ஒரே காலையில் புதுக் கணக்குக்கு மாறிவிடவில்லை. 1944 முற்பகுதியைப் பற்றி வாசிக்கிறீர்கள் என்றால், உங்கள் பிரிகேட் பழைய கணக்கிலா புதுக் கணக்கிலா இருந்தது என்று முதலில் பாருங்கள். அறிக்கையில் டி-70 தென்பட்டால் பெரும்பாலும் பழையது.

இந்த 65 எங்கிருந்து வருகிறது என்பதைப் பேரனுக்குக் கையால் வெட்டிக் காட்டினேன். அப்படிச் செய்தால் மறக்காது. மூன்று தாங்கி ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூனும் கொம்பனித் தலைவரின் தாங்கியும் சேர்ந்து 10. இரண்டு கொம்பனியும் பட்டாலியன் தலைவரின் தாங்கியும் சேர்ந்து 21. மூன்று பட்டாலியன் 63. பிரிகேட் தலைமையகத்துக்கு இரண்டு. 65. இதை ஒரு தரம் கையால் அடுக்கிவிட்டால் பிறகு அறிக்கையில் “ஒரு பட்டாலியனில் மிச்சம் 7” என்று வாசிக்கும்போது மூன்றில் ஒன்றுதான் நிற்கிறது என்று உடனே புரியும். வெறும் 7 என்று வாசித்தால் ஒன்றும் புரியாது.

அடுத்து 21 என்ற எண். இது பல இடத்தில் வரும், குழம்பக் கூடாது. ஐஎஸ்-2 கனரகத் தாங்கி வைத்திருந்த கார்ட்ஸ் (இது படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த கௌரவப் பட்டம்) ரெஜிமென்டுக்கும் 21தான், ஆனால் அடுக்கு வேறு: ஐந்தைந்தாக நான்கு கொம்பனி, ரெஜிமென்ட் தலைவருக்கு ஒன்று. எஸ்யூ வண்டி ரெஜிமென்டுகளுக்கும் போரின் கடைசியில் அதே மாதிரி, ஐந்தைந்தாக நான்கு பற்றரி (பீரங்கிக் கொம்பனி), தலைவருக்கு ஒன்று. எஸ்யூ என்பது சுழலும் கோபுரம் இல்லாமல், பீரங்கியை உடம்பிலேயே பொருத்திய வண்டி. 1944 டிசம்பரில் ஐஎஸ்-2க்குத் தனிப் பிரிகேடுகளும் வந்தன. அதில் மூன்று ரெஜிமென்ட், 63, தலைமையகத்துக்கு இரண்டு, அங்கேயும் 65.

இனிக் கோர், அதாவது பிரிகேடுகள் சேர்ந்த அடுத்த பெரிய படைப்பிரிவு. ஒரு தாங்கிக் கோரில் மூன்று தாங்கி பிரிகேட், ஒரு மோட்டார் காலாட்படை பிரிகேட், எஸ்யூ ரெஜிமென்டுகள். மூன்று பிரிகேட் மட்டும் 195; கோர் தலைமையகம், வேவுப் பிரிவு முதலியவை சேர்ந்தால் 200ஐச் சற்றுத் தாண்டும். மெக்கனைஸ்ட் கோரில் நேர்மாறு: காலாட்படை அதிகம், தாங்கி கொஞ்சம் குறைவு. மூன்று மெக்கனைஸ்ட் பிரிகேட் ஒவ்வொன்றிலும் 35 தாங்கி வைத்த ஒரு ரெஜிமென்ட், கூடவே ஒரு முழுத் தாங்கி பிரிகேட். 105உம் 65உம் 170, அதற்கு மேல் கொஞ்சம். பேரைப் பார்த்துத் தாங்கிக் கோரே பெரியது என்று நினைக்காதீர்கள். ஆள் தொகையில் மெக்கனைஸ்ட் கோர்தான் பெரியது.

இந்தக் கோர்கள் சேர்ந்ததுதான் தாங்கி ஆர்மி. போர் முடியும்போது ஆறு இருந்தன. தளபதி ரிபால்கோவின் 3ஆம் கார்ட்ஸ் தாங்கி ஆர்மியில் 6ஆம், 7ஆம் கார்ட்ஸ் தாங்கிக் கோர்கள், 9ஆம் மெக்கனைஸ்ட் கோர். 1945 ஜனவரியில் தாங்கியும் எஸ்யூவும் சேர்த்து 900ஐத் தாண்டி இருந்தது. அதே மாதம் தளபதி கத்துகோவின் 1ஆம் கார்ட்ஸ் தாங்கி ஆர்மி 750ஐச் சுற்றி இருந்தது. அதில் இரண்டே கோர், அதனால்தான். இரண்டையும் “ஒரு தாங்கி ஆர்மி” என்று ஒரே அளவு மட்டையில் வெட்டினால் விளையாட்டே பிழைத்துப்போகும்.

இதுவரை சொன்னது எல்லாம் தோட்டத்துக்கு ஒதுக்கிய ஆள் தொகை மாதிரி. ரஷ்ய மொழியில் அதற்கு ‘ஷ்தாத்’ என்று பெயர். அறிக்கையின் உண்மை இனித்தான் இருக்கிறது.

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சின் ‘பாமியாத் நரோதா’ தளத்தில் பொதொல்ஸ்க் காப்பகத்தின் தாள்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. ரஷ்ய மொழி தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். எனக்கும் பேசத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு சொல்லின் உருவத்தைப் பழகிக்கொண்டால் ஒரு பிரிகேடின் நாளறிக்கையை வாசித்துவிடலாம். ஆங்கில எச் போலத் தெரிவது அங்கே ‘ன’ ஓசை. பி போலத் தெரியும் பெரிய எழுத்து ‘வ’. மேலே மட்டும் வளைந்த பி ‘ர’. சி என்பது ‘ஸ’. ஆகவே ஆங்கிலத்தில் சி, வை என்று நிற்கிற இரண்டு எழுத்துத்தான் எஸ்யூ. டி-34க்கு ஒரு மாற்றமும் இல்லை, அப்படியே தெரியும். ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிழமைக்குள் கண் பழகிவிடும்.

தேட வேண்டிய சொற்கள் இவை. ‘போ ஷ்தாத்து’ என்றால் ஒதுக்கீட்டின்படி. ‘போ ஸ்பீஸ்கு’ என்றால் பட்டியலின்படி, அதாவது செக்ரோலில் இருக்கிற பேர். ‘வ் ஸ்த்ரயூ’ அல்லது ‘நா ஹொது’ என்றால் வரிசையில் நிற்பது, ஓடுவது. இதுதான் பெரட்டில் நிற்கிற கால். அப்புறம் பழுதின் மூன்று படி: ‘தெக்கூஷி’ சிறு பழுது, ‘ஸ்ரேத்னி’ நடுத்தரப் பழுது, ‘கபிதால்னி’ பெரும் பழுது. கடைசியாக ‘பெஸ்வஸ்வ்ராத்னியே’, திரும்பி வராத இழப்பு. அதற்குப் பக்கத்தில் ‘ஸ்கரேலோ’ என்று இருந்தால் எரிந்துபோனது என்று பொருள். அந்தச் சொல் வரும்போது நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். டி-34இன் பிந்திய வகையான டி-34-85 உள்ளே ஐந்து பேர், ஐஎஸ்-2 உள்ளே நான்கு பேர்.

ஓடுவதும் சண்டைக்கு ஆவதும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு ஆள் மலைக்கு இறங்கி, சொன்ன கிலோ எடுக்காமல் வந்தால் அரைப் பேர்தான் (அரைநாள் கணக்கு) விழும். அதே மாதிரி, சங்கிலி சரியாக ஓடி, கோபுரம் சுழலாமல் இறுகிப்போன தாங்கி ‘நா ஹொது’ கணக்கில் ஏறிவிடும்; ஆனால் அதை வைத்து ஒரு கிராமத்தைப் பிடிக்க முடியாது. குண்டு இல்லாத தாங்கியும் அப்படித்தான். ஐஎஸ்-2 பெரிய 122 மில்லிமீற்றர் பீரங்கி வைத்தது, ஆனால் ஏற்றக்கூடியது 28 குண்டு. காலையில் சண்டை பிடித்தால் மத்தியானம் லொறி வந்தாக வேண்டும். 21 ஐஎஸ்-2 என்று வாசிக்கும்போது அந்த லொறியையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது பேரனுக்குப் பாடமாக நானே போட்டது. எந்தப் பிரிகேடின் உண்மை அறிக்கையும் அல்ல. ஒதுக்கீடு 65. பட்டியலில் 58. ஓடுவது 31. சிறு பழுதில் 9, நடுத்தரப் பழுதில் 5, பெரும் பழுதில் 4. வழியில் பின்தங்கியது 6. சேற்றில் புதைந்தது 3.

முதலில் கூட்டிப் பாருங்கள். 31, 9, 5, 4, 6, 3, மொத்தம் 58. பட்டியல் சரி. 65இல் இருந்து 58ஐக் கழித்தால் 7. இந்த ஏழும் எரிந்தவையாக இருக்கலாம், அல்லது முதலிலேயே வந்து சேராதவையாக இருக்கலாம். இழப்பு நிரலைப் பார்க்காமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். புத்தகங்களில் இந்த இடத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. ஒதுக்கீட்டுக்கும் ஓடுவதற்கும் இடையில் உள்ள 34ஐ அப்படியே “எதிரி அழித்தது” என்று எழுதிவிடுகிறார்கள்.

அடுத்து, இந்தப் பிரிகேட் நாளன்றைக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். சிறு பழுது 9 ஒன்றிரண்டு நாளில் பிரிகேடின் சொந்த மெக்கானிக்குகள் கையாலேயே திரும்பிவிடும். புதைந்த 3ஐ இழுத்து எடுக்க ஒரு இழுவை வண்டி போதும், இடம் நம் கையில் இருந்தால். வழியில் நின்ற 6, எஞ்சினும் எண்ணெயும் பார்த்துப் பின்னாலேயே வந்து சேரும். நடுத்தரப் பழுது கோரின், ஆர்மியின் நடமாடும் பட்டறைகளுக்குப் போகும். அதற்கு நாள் எடுக்கும். பெரும் பழுது ரயிலில் ஏறிப் பின்னாலுள்ள ஆலைக்குப் போகும். பிரிகேடைப் பொறுத்தவரை அது பட்டியலை விட்டே போன மாதிரி. அது சரியாகி வந்தாலும் வேறொரு பிரிகேடுக்குப் “புது வரவாக” வரலாம். ஆகவே 31 என்று வாசித்த பிரிகேட், பெரிய சண்டை ஏதும் இல்லை என்றால், நான்கு நாளில் 45க்கு மேல் நிற்கும். ஒரு புதுத் தாங்கியும் வராமல்.

யார் கையில் போர்க்களம் இருந்ததோ அவர்கள் கையில்தான் இந்தக் கணக்கும் இருந்தது. 1944, 45இல் சோவியத் படை முன்னேறிக்கொண்டிருந்தது. அடிபட்ட தாங்கி அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது, கட்டியிழுத்து வந்து சரிசெய்தார்கள். பின்வாங்கிய ஜெர்மானியர்களுக்கு, சிறு பழுதில் நின்ற தாங்கியும் போனதுதான். ஒரே சோவியத் தாங்கி ஒரே நடவடிக்கையில் இரண்டு மூன்று தரம் அடிபட்டு, இரண்டு மூன்று தரம் திரும்பி வந்ததும் உண்டு. அதனால் “அடிபட்டவை” என்ற நிரலை நாள் நாளாகக் கூட்டிக்கொண்டே போனால், பிரிகேடில் இருந்ததைவிட அதிகமான தாங்கி அழிந்ததாக விடை வரும். அப்படி வந்தால் நீங்கள் ஒரே ஆளை இரண்டு மலையில் பேர் போட்டிருக்கிறீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் எத்தனை மணி நிலவரம் என்று இருக்கும். காலைச் சண்டைக்கு முந்திய கணக்கையும் நள்ளிரவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது. இடையில் இரவில் பட்டறையிலிருந்து வந்தவை இருக்கும். பிரிகேட் கோருக்குச் சொல்லி, கோர் ஆர்மிக்குச் சொல்லி, ஆர்மி தொகுத்து எழுதும்போது கணக்கு பழசாகிவிடும். மூன்று தாளும் வேறு வேறு எண் சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை, மணிதான் வேறு. நான் கீழ்த் தாளையே நம்புவேன். பெரட்டுக்குக் கிட்ட நிற்கிறவன் எழுதியது அது.

ஆட்களை விட்டுவிட்டுத் தாங்கியை மட்டும் எண்ணுவதும் பிழை. 1,354 ஆள் உள்ள பிரிகேடில் தாங்கிக்குள் இருப்பவர்கள் 65 தரம் 5, ஆக 325 பேர். மிச்சம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் யார்? தாங்கியின் முதுகில் ஏறிப்போகும் சப்மெஷின் துப்பாக்கிக்காரர்களின் பட்டாலியன், விமான எதிர்ப்பு மெஷின் துப்பாக்கிக் கொம்பனி, மெக்கானிக்குகள், லொறி ஓட்டுநர்கள், மருத்துவப் பிரிவு. ஓடும் தாங்கி பத்தாகக் குறைந்த பிரிகேடும் பிரிகேடாகவே நின்றது இவர்களால்தான். புதுத் தாங்கி வந்தால் மறுநாளே ஏறிப் போக ஆள் இருந்தது. தாங்கி இழந்து உயிர் தப்பிய குழுக்களைத் தனியாக எண்ணி வையுங்கள். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) மெஷின் வந்து இறங்கினாலும் அதைத் தெரிந்தவன் வேண்டுமே.

இன்னொரு குழப்பம், கலவை. பெரிய எண்ணிக்கைகள் எல்லாம் “தாங்கியும் எஸ்யூவும்” என்றே வரும். அதற்குள் 46 தொன் ஐஎஸ்-2உம் இருக்கும், மேலே கூரை இல்லாத, பத்துத் தொன் சொச்சம் உள்ள எஸ்யூ-76உம் இருக்கும். இரண்டும் கணக்கில் ஒன்று, ஒன்று. முடிந்த இடத்திலெல்லாம் பிரித்து எழுதுங்கள். வெளிநாட்டு வண்டிகளையும் தவறவிடாதீர்கள். 9ஆம் கார்ட்ஸ் மெக்கனைஸ்ட் கோர் அமெரிக்க ஷெர்மன் தாங்கியில் வியன்னா வரை போனது. சோவியத் ஆட்கள் அதை ‘எம்ச்சா’ என்றார்கள். வேவு பார்க்கும் மோட்டார் சைக்கிள் பிரிவுகளில் பிரிட்டிஷ் வலென்டைன் கடைசிவரை ஓடியது. ஒரு கோரின் மொத்தம் உங்கள் கூட்டலைவிடப் பத்துக் கூடுதலாக வந்தால் இந்த மூலையில் தேடுங்கள்.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெரிய நடவடிக்கைகளைப் பக்கத்தில் வைத்தோம். பேரன் கல்குலேட்டரை எடுத்தான், நான் பென்சிலை எடுத்தேன்.

போலந்தின் விஸ்துலா ஆற்றிலிருந்து ஓடர் ஆறு வரை போன விஸ்துலா–ஓடர் நடவடிக்கை 1945 ஜனவரி 12இல் தொடங்கிப் பெப்ரவரி 3இல் முடிந்தது, 23 நாள். பெர்லின் நடவடிக்கை ஏப்ரல் 16 முதல் மே 8 வரை. அதுவும் 23 நாள். முன்னதில் தளபதிகள் கொனியேவ், ஷுகோவ் இருவரின் முன்னணிகளிலும் (பல ஆர்மிகள் சேர்ந்த பெரும் படைத்தொகுதிகள்) சேர்த்து 7,042 தாங்கியும் எஸ்யூவும். திரும்பி வராத இழப்பு 1,267. பின்னதில் 6,250. இழப்பு 1,997. நாளுக்குப் பிரித்தால் முதலாவதில் சுமார் 55, இரண்டாவதில் சுமார் 87.

“ஓடர் வரைக்கும் 500 கிலோமீற்றர் போயிருக்காங்க. பெர்லினுக்கு அவ்வளவு தூரமே இல்லையே. பிறகு ஏன் கூட அழிஞ்சது?” என்றான். நல்ல கேள்வி. தூரம் தாங்கியைத் தேய்க்கும். சந்தும் பொந்தும் தாங்கியை எரிக்கும். ஜனவரியில் சாந்தோமியர்ஸ், மக்னுஷெவ், புலாவி பாலமுனைகளிலிருந்து (ஆற்றின் மறுகரையில் பிடித்து வைத்த இடங்கள்) எதிரி வரிசை உடைந்ததும் தாங்கி ஆர்மிகள் திறந்த நாட்டில் ஓடின. ஜனவரி 31இல் முன்னால் ஓடிய பிரிவு கீனிட்ஸ் கிராமத்தில் ஓடரைக் கடந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் எத்தனையோ தாங்கி வழியில் நின்றது, ஆனால் நின்றது திரும்பி வந்தது. பெர்லின் நடவடிக்கையில் முதலில் நகருக்குக் கிழக்கே உள்ள சீலோ மேட்டில் முட்டினார்கள். சேற்று நிலம், மேலே பீரங்கி. பிறகு தெருக்கள். ஜன்னலிலிருந்தும் நிலவறையிலிருந்தும் பன்சர்ஃபவுஸ்ட் (ஒரு ஆள் கையில் பிடித்து அடிக்கும் ஜெர்மன் தாங்கி எதிர்ப்பு ஆயுதம்) அடித்தால் தாங்கி சிறு பழுதோடு நிற்காது, எரியும்.

அதனால் 1,267 என்ற எண்ணை மட்டும் வைத்து, 7,042இல் அதைக் கழித்து, பெப்ரவரி 3இல் 5,775 தாங்கி ஓடரில் நின்றது என்று எழுதிவிடாதீர்கள். பட்டறையில் நின்றவை, பொஸ்னான் பாதையில் எண்ணெய்க்குக் காத்திருந்தவை, இடையில் புதிதாக வந்தவை எதுவும் அந்தக் கழித்தலில் இல்லை. உண்மையில் ஓடர்க் கரையில் ஓடும் நிலையில் நின்றது அதைவிட மிகக் குறைவு. நானே பல வருடம் இப்படிக் கழித்து வைத்திருந்தேன். பழைய கொப்பியில் அந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்து, கிழிக்காமல் வைத்திருக்கிறேன், பேரனிடம் காட்டினேன்.

மலைநாட்டில் இருக்கிற நமக்குக் கடைசியாக ஒன்று. ஐரோப்பியக் கணக்கை அப்படியே தூர கிழக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் இறங்கிய தளபதி கிராவ்சென்கோவின் 6ஆம் கார்ட்ஸ் தாங்கி ஆர்மி, ஆயிரத்தைத் தொட்ட தாங்கியும் எஸ்யூவும் வைத்திருந்தது. ஆட்கள் ஐரோப்பாவிலிருந்து ரயிலில் வந்தவர்கள். பழைய வண்டிகளை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டுத் தூர கிழக்கில் புதிது எடுத்தார்கள். மற்ற இடங்களில் எப்போதோ கைவிட்ட “தாங்கி டிவிஷன்” என்ற அமைப்பு தூர கிழக்கில் இன்னும் இருந்தது, 61ஆவதும் 111ஆவதும். பிடி-7, டி-26 போன்ற போருக்கு முந்திய வண்டிகளும் ஓடின. பெரும் கிங்கான் மலைத்தொடரை அந்த ஆர்மி மழையில் கடந்தது. வெயிலில் கல் போல இருக்கிற களிமண் மழையில் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து லொறி ஒரு முடக்கில் சறுக்கி, பின்சக்கரம் காற்றில் நிற்க, பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 32 தொன் டி-34 அந்தச் சரிவில் இறங்கியது. மலையைத் தாண்டியதும் அவர்களை நிறுத்தியது ஜப்பானியர் அல்ல, டீசல். விமானத்தில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்த நாட்களின் அறிக்கையில் தாங்கி நல்ல நிலையில் என்று இருக்கும், நகர்வது கொஞ்சமாக இருக்கும். பழுது நிரலில் தேடினால் காரணம் கிடைக்காது. எரிபொருள் நிரலைப் பாருங்கள்.

மட்டைத் துண்டுகளை நாங்கள் எப்படி அமைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரிகேடுக்கும் இரண்டு உறை. ஒன்றில் ‘மலை’ என்று பேரன் எழுதினான், மற்றதில் ‘கராஜ்’. வரைபடத்துக்கு மலை உறைத் துண்டு மட்டும்தான் வரும். அடிபட்ட துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் குறிக்கிறோம்: ஒரு புள்ளி சிறு பழுது, இரண்டு புள்ளி நடுத்தரம், மூன்று பெரும் பழுது. ஒரு நாள் கழிந்தால் ஒற்றைப் புள்ளித் துண்டு மலைக்குத் திரும்பும், அந்த இடம் நம் கையில் இருந்தால் மட்டும். பென்சில்தான் வேண்டும், பேனா வேண்டாம். அதே துண்டு மறுபடி அடிபடும், மறுபடி அழித்து எழுத வேண்டும். எரிந்த துண்டை மட்டும் அவன் கராஜ் உறையில் போடுவதில்லை. அதற்கு ஒரு பழைய தேயிலை டின் வைத்திருக்கிறான். ஒவ்வொன்றையும் போடும்போது ஐந்து என்று வாய்விட்டு எண்ணுகிறான், ஐஎஸ்-2 என்றால் நான்கு.

ஏப்ரல் லீவுக்கு வரும்போது சீலோ மேட்டை விரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். 65இன் அடுக்கை அவன் இப்போதே மனப்பாடமாகச் சொல்கிறான்.